பட்டறை சுத்தமாக இருக்கிறது, சரி. பாதுகாப்பாக இருக்கிறதா?

கொஞ்சம் நீளமான பதிவு. பட்டறை, மில், மரவேலைக் கூடம் வைத்திருப்பவர்களும் அங்கே வேலை பார்ப்பவர்களுமாவது கடைசி வரை படித்துவிடுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் தன்னுடைய பட்டறைக்கு அழைத்துப் போனார். அலுமினிய வார்ப்புகளைத் தேய்த்து மெருகேற்றிக் கொடுக்கும் சின்ன யூனிட். பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். "புதுசா டஸ்ட் கலெக்டர் போட்டுட்டேனுங்க சார். தரையைத் தொட்டுப் பாருங்க, கையில ஒட்டாது" என்றார் பெருமையாக.

பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். தொழிலாளர்களின் நுரையீரலை நினைத்துச் செலவு செய்யும் முதலாளிகள் எத்தனை பேர்? ஆனால் அந்தப் பெட்டி நின்ற இடத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. கூரைக்குள்ளேயே, சுவரை ஒட்டி. அதற்கு ஆறடி தள்ளித்தான் பெண்கள் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். இரும்பைத் தேய்க்கும் கிரைண்டர் ஒன்றையும் அதே குழாயில் இணைத்திருந்தார்.

"இது வெடிச்சா நெருப்பு எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "அலுமினியம் எங்கயாவது வெடிக்குமாங்க சார்? சோறாக்குற பாத்திரமுங்க அது."

வகுப்பில் நான் செய்துகாட்டிய டப்பா சோதனையை நினைவுபடுத்தினேன். மூடி போட்ட தகர டப்பாவுக்குள் எரியும் மெழுகுவர்த்தி, ஒரு கரண்டி மாவு, வெளியிலிருந்து ஊத ஒரு ரப்பர் குழாய். ஊதியதும் மூடி விட்டத்தில் போய் மோதும். அவருக்கு நன்றாக நினைவிருந்தது. "ஆனா அது மாவுங்களே சார்" என்றார்.

அங்கேதான் எனக்கு உறைத்தது. முப்பது வருடம் அந்தச் சோதனையை ஒரு வேடிக்கையாகக் காட்டியிருக்கிறேன். மாவு மட்டும் இல்லையப்பா, எரியக்கூடிய எந்தப் பொருளையும் முகப்பவுடர் போல நுணுக்கிக் காற்றில் கலந்தால் இதே கதைதான் என்று அழுத்திச் சொல்லவில்லை. அந்தக் கடனைத்தான் இந்தப் பதிவில் அடைக்கப் பார்க்கிறேன்.

விறகுக் கட்டையைப் பற்றவைக்கப் பாடுபட வேண்டும். சுள்ளி சட்டென்று பிடிக்கும். அதே மரம் நுண்தூளாகிக் காற்றில் பறந்தால் கண் இமைப்பதற்குள் மொத்தமும் எரிந்து முடியும். சர்க்கரை, மஞ்சள், மாவு, பிளாஸ்டிக் தூள் எல்லாம் இப்படித்தான். அலுமினியம் இவற்றைவிட மோசம். சிவகாசியில் பட்டாசுக்குள் போவதே அலுமினியத் தூள்தானே? பாத்திரமாக இருக்கும்போது சாதுவாக இருப்பது தூளாகும்போது மருந்தாகிவிடுகிறது.

வெடிப்புக்கு ஐந்து பேர் கூட வேண்டும்: எரியும் தூள், காற்று, தீப்பொறி, தூள் காற்றில் பறப்பது, அது ஒரு மூடிய இடத்துக்குள் இருப்பது. இப்போது டஸ்ட் கலெக்டரை யோசித்துப் பாருங்கள். பட்டறை முழுவதும் சிதறிக் கிடந்த தூளை ஒரே பெட்டிக்குள் கொண்டுவருகிறோம். ப்ளோயர் காற்றைத் தருகிறது. பில்டர் பையை உதறும் ஒவ்வொரு முறையும் தூள் பறக்கிறது. பெட்டியோ மூடியிருக்கிறது. நாலு பேர் தினமும் வந்து காத்திருக்கிறார்கள். ஐந்தாவதாகப் பொறி ஒன்றுதான் பாக்கி. என் மாணவர் இரும்பு கிரைண்டரை இணைத்து அதற்கும் வழி செய்து வைத்திருந்தார்!

கற்பனையாகப் பயமுறுத்தவில்லை. 2014 ஆகஸ்ட் 2, சீனாவில் ஷாங்காய்க்குப் பக்கத்திலுள்ள குன்ஷான். கார்களின் அலுமினியச் சக்கரங்களை மெருகேற்றும் தொழிற்சாலை. கலெக்டரின் அடியில் தூள் விழும் பீப்பாய் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. அதிலிருந்த தூளை உரிய நேரத்தில் அள்ளவில்லை. முந்தின நாட்களில் மழை. ஈரம் பட்ட அலுமினியத் தூள் தானாகவே சூடேறிப் பற்றிக்கொண்டது. கலெக்டரில் வெடிப்பின் அழுத்தம் வெளியேற வழியே வைக்கவில்லை. நெருப்பு வந்த குழாய் வழியாகவே வேலை செய்துகொண்டிருந்தவர்களை நோக்கித் திரும்பி ஓடியது. கூடத்தில் படிந்திருந்த தூளும் கிளம்பி எரிந்தது. அன்றே 75 பேர் இறந்தார்கள். அந்த வருடம் முடிவதற்குள் 146 பேர். அங்கே டஸ்ட் கலெக்டர் இல்லாமல் இல்லை. வெடித்ததே அதுதான்.

இன்னொன்று, 2008 பிப்ரவரி 7, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சர்க்கரை ஆலை. சர்க்கரையில் அழுக்கு விழக்கூடாது என்று கன்வேயரைத் தகடு போட்டு மூடினார்கள். நல்ல எண்ணம்தான். அதுவரை வெளியே கலைந்துபோன தூள் உள்ளேயே அடர்ந்தது. சூடேறிய ஒரு பேரிங் பற்றவைத்திருக்கலாம் என்றது விசாரணை. முதல் வெடிப்பின் அதிர்ச்சியில் தரையிலும் உத்தரங்களிலும் வருடக்கணக்கில் படிந்திருந்த தூள் எழும்பி, வெடிப்பு கட்டடம் கட்டடமாகப் பரவியது. 14 பேர் போனார்கள்.

என் கருத்து இதுதான். டஸ்ட் கலெக்டரை விற்பவர் அதைச் சுத்தம் செய்யும் கருவியாக விற்கிறார், நாமும் அப்படியே வாங்குகிறோம். இத்தனை குதிரைத்திறன், இத்தனை பை, இத்தனை விலை என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. உள்ளே போகப்போவது என்ன தூள், வெடித்தால் என்ன ஆகும் என்று விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. எரியும் தூளை வாங்கும் பெட்டி எதுவும் அந்தக் கேள்வி கேட்கப்படாமல் ஓடக்கூடாது.

என் மாணவரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பெட்டியைக் கூரைக்கு வெளியே, ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம் வையுங்கள். வெடித்தால் அழுத்தம் கிழித்துக்கொண்டு வெளியேற ஒரு பலவீனமான தகடு இருக்கட்டும். அது வானத்தையோ வெற்றிடத்தையோ பார்க்கட்டும், நடைபாதையைப் பார்க்க வேண்டாம்.

நெருப்பு குழாய் வழியே திரும்பி வராமல் தடுக்கும் வால்வு வையுங்கள். இதைத்தான் பலரும் செலவு என்று விட்டுவிடுகிறார்கள். குன்ஷானை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரும்பையும் அலுமினியத்தையும் ஒரே குழாயில் சேர்க்காதீர்கள். பெட்டி, குழாய், பை மாட்டும் கூடு எல்லாவற்றுக்கும் எர்த் கொடுங்கள்.

அடியில் சேரும் தூளைத் தினமும் அப்புறப்படுத்துங்கள். அந்தப் பீப்பாய் சேமிப்புக் கிடங்கு அல்ல. அலுமினியத் தூளில் ஈரம் படவே கூடாது. அது எரிந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், பெரிதாகும். உலர்ந்த மணலை மெதுவாக மூடுங்கள். வீசி எறிந்தால் தூள் கிளம்பும்.

உத்தரத்தின் மேலும் விளக்கின் மேலும் விரலால் கோடு போட்டுப் பாருங்கள். படிந்திருந்தால் காற்றடித்து ஊதாதீர்கள். அது தூசியைப் போக்காது, பறக்கத்தான் விடும்.

பெரிய யூனிட்டாக இருந்தால் தூளை ஆய்வகத்தில் சோதித்து, அந்த அளவை வைத்துத் தெரிந்தவரிடம் வடிவமைக்கச் சொல்லுங்கள். என்னைப் போன்ற வாத்தியார் பேச்சு அதற்குப் போதாது.

இதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி என்று ஒதுக்காதீர்கள். நம் நாட்டு 1948 தொழிற்சாலைகள் சட்டமே 37ஆம் பிரிவில், வெடிக்கக்கூடிய தூசி சேராமல் தடு, பொறியை விலக்கு, அழுத்தம் தாங்காத இயந்திரத்துக்குப் போக்குவழி வை என்றது. அறிவுக்குப் பஞ்சமில்லை.

"இவ்வளவு வருசம் ஒண்ணும் ஆகலைங்களே சார்" என்று என் மாணவரும் சொன்னார். குன்ஷானிலும் அன்று காலை வரை யாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அத்தனை நாளும் ஐந்தாவது ஆள் வரவில்லை, அவ்வளவுதான்.

நேற்று போன் செய்தார். இரும்பு கிரைண்டரைக் கழற்றிவிட்டாராம். பெண்கள் சாப்பிடும் இடத்தை மாற்றிவிட்டாராம். பெட்டியை வெளியே நகர்த்தவும் வால்வு போடவும் விலை கேட்டிருக்கிறார். "கொஞ்சம் டைம் கொடுங்க சார்" என்றார். டைம் கொடுக்க வேண்டியது நானில்லையே தம்பி என்றேன்.

என்னிடம் படித்தவர்கள் எத்தனையோ பேர் இன்று பட்டறை முதலாளிகள். நாளைக் காலை மோட்டாரைப் போடுவதற்கு முன் உங்கள் கலெக்டர் பக்கம் ஒரு நடை போய், இது வெடித்தால் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரியாவிட்டால் அது தெரியும்வரை போடாதீர்கள்.