பனிமலைக்குப் போகுமுன் அம்மாவின் முழங்காலைக் கேளுங்கள்!

"அம்மா, கிறிஸ்துமஸ் லீவுக்கு நீயும் அப்பாவும் இங்கே வாங்க. ஆல்ப்ஸ் மலைக்குப் போகலாம். பனியிலே சறுக்கலாம்!"

ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகன் தொலைபேசியில் இப்படிச் சொல்கிறான். திருத்தணியில் இருக்கும் தாய்க்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆனாலும் அவள் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"அங்கே எத்தனை படி ஏறணும் தம்பி?"

மகன் சிரிக்கிறான். ஆனால் அது சிரிக்க வேண்டிய கேள்வி அல்ல. பயணத் திட்டம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கி இருக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் எத்தனையோ வீடுகளில் இன்று நடக்கும் பேச்சு இது.

365 படி

திருத்தணி முருகன் கோவிலுக்கு 365 படிகள். ஆண்டுக்கு எத்தனை நாளோ அத்தனை படி. டிசம்பர் 31-ந் தேதி படித் திருவிழா. படிக்கு ஒரு திருப்புகழ் பாடிக்கொண்டு பக்தர்கள் மலை ஏறுவார்கள்.

ஒரு குடும்பம் இந்த மலையை ஏறும்போது யாரைப் பார்த்துத் திட்டம் போடுகிறது? இரண்டு இரண்டு படியாகத் தாவும் வாலிபனைப் பார்த்தா? இல்லை. மூச்சு வாங்கும் பாட்டியைப் பார்த்து! கல் சுடுமுன் புறப்படுகிறார்கள். நடுவில் உட்கார்ந்து இளைப்பாறுகிறார்கள். முடியாதவர்களை மலைப்பாதையில் வண்டியில் அனுப்பி வைக்கிறார்கள்.

இந்தச் சின்ன மலைக்கு இவ்வளவு யோசனை செய்கிறவர்கள், ஆல்ப்ஸ் மலைக்குப் போகும்போது அதை ஏன் மறந்துவிடுகிறார்கள்?

படத்தைப் பார்த்துத் திட்டம்

மகன் ஓட்டலின் படத்தைப் பார்க்கிறான். சறுக்குப் பாதையின் நீளத்தைப் பார்க்கிறான். பணத்தைக் கட்டிவிடுகிறான். அம்மாவுக்கு முழங்கால் வலி, அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு என்பது விமானம் இறங்கிய பிறகுதான் நினைவுக்கு வருகிறது!

ஐரோப்பாவில் சறுக்குப் பாதைகளுக்கு நிறம் உண்டு. நீலம் எளிது. சிவப்பு நடுத்தரம். கறுப்பு, கைதேர்ந்தவர்களுக்கு மட்டும். புதிதாகப் போகிறவர்களுக்கு அடிவாரத்தில் பயிற்சிச் சரிவு இருக்கிறதா, சறுக்குப் பள்ளி இருக்கிறதா என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

ஷெர்லாக் ஹோம்ஸ் துப்பறியும் கதைகளை எழுதிய கானன் டாயில், 1894-ம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் டாவோஸ் நகரில் இருந்து மலையைக் கடந்து அரோசா கிராமத்துக்குச் சறுக்குக் கட்டையில் சென்றார். அவரும் தனியாகப் போகவில்லை. மலையை அறிந்த உள்ளூர்ச் சகோதரர்கள் இருவரைத் துணைக்கு அழைத்துச் சென்றார். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பது பனிக்கும் பொருந்தும்!

பையில் வேண்டியது

சறுக்குக் கட்டை, காலணி, தலைக்கவசம் எல்லாம் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். காசைக் கொட்டி வாங்க வேண்டியது இல்லை. பருத்தி உடை நனைந்தால் உடம்பை நடுங்க வைத்துவிடும். உள்ளே கம்பளி வேண்டும். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கும். ஆகவே கறுப்புக் கண்ணாடியும் வேண்டும்.

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30 ஆயிரம் யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆனால் சாதாரணப் பயண பாலிசிகள் பலவற்றில், பனிச்சறுக்கில் எலும்பு முறிந்தால் பணம் கிடைக்காது. பொடி எழுத்தைப் படித்த பிறகே கையெழுத்துப் போடவேண்டும். மலையில் விழுந்தவரை ஹெலிகாப்டரில் தூக்கி வந்தால், அந்தச் செலவு ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் கரைத்துவிடும்.

நாளும் முக்கியம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் அறை வாடகை உச்சியில் நிற்கும். ஜனவரி நடுவில் இறங்கிவிடும்.

அப்படியானால் போகக்கூடாதா?

"வயதானவர்கள் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதானா?" என்று கேட்கலாம். அப்படி இல்லை. அவசியம் போகவேண்டும்! பிள்ளை வாழும் ஊரையும், உலகம் வியக்கும் மலையையும் பெற்றோர் பார்க்க வேண்டாமா?

சறுக்குவது மட்டுமே பனிமலை விடுமுறை ஆகிவிடாது. பழனியில் இருப்பது போல அங்கும் ரோப் கார் உண்டு. சுவிட்சர்லாந்தில் 3,454 மீட்டர் உயரத்தில் உள்ள யுங்ஃபிராவ்யோக் நிலையத்துக்கு 1912-ம் ஆண்டு முதல் ரெயில் ஓடுகிறது. ஆனால் அந்த உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறக்கூடாது.

சறுக்க ஆசைப்படும் இளைஞர்கள் முதலில் காஷ்மீரில் உள்ள குல்மார்க்கில் விழுந்து எழுந்து பழகலாம். அங்கே வளர்ந்த ஆரிப் கான் 2022-ம் ஆண்டு பீஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகச் சறுக்கினார். ஆனால் பனியையும் நம்பிவிட முடியாது. 2025 பிப்ரவரியில் குல்மார்க்கில் நடக்க இருந்த கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள், போதிய பனி இல்லாமல் தள்ளி வைக்கப்பட்டன. பனி விழுந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு டிக்கெட் வாங்குவது புத்திசாலித்தனம்.

மகனின் கடமை

எந்தக் குடும்பப் பயணமும் அதில் மெதுவாக நடப்பவரின் காலை வைத்தே அளக்கப்பட வேண்டும். மகன் நான்கு நாள் சறுக்கட்டும். இரண்டு நாளாவது சறுக்குக் கட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கிராமத்துத் தெருவில் மெல்ல நடக்கட்டும்.

சிறு வயதில் அவன் கால் வலிக்கிறது என்று அழுதபோது, திருத்தணிப் படியில் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறியவள் அவள்தானே!