அடுக்கின் திசையை டிராயிங்கில் எழுதுங்கள்

துணி அடுக்கு ஃபீனாலிக் தகட்டில் செய்த கியரின் பல் உதிர்ந்தால், பழி இரண்டு பேர் தலையில் விழும்: ஒருவர் சீட் விற்ற கடைக்காரர், மற்றவர் கட்டர் ஓட்டிய ஆபரேட்டர். பல சமயம் இருவருமே கேட்டதைத்தான் கொடுத்திருப்பார்கள். பர்ச்சேஸ் ஆர்டரில், இந்தத் தகட்டின் கடைப் பெயரில், 'ஹைலம் சீட், 25 மி.மீ.' என்று இருந்திருக்கும். டிராயிங்கில் பொருளுக்கான கட்டத்திலும் அதே சொல். எந்த வகைத் துணி, அடுக்குகள் எந்தப் பக்கம் கிடக்க வேண்டும், எந்த நிலையில் அளவு பார்க்க வேண்டும் என்பதெல்லாம் எங்கும் இருக்காது. எஃகுக்கு எழுதிப் பழகிய கையாலேயே இதற்கும் எழுதிவிடுகிறோம். இந்தப் பொருளில் வரும் ரிஜெக்‌ஷனில் பெரும்பகுதி டிராயிங் போடும் மேசையிலேயே தொடங்கிவிடுகிறது என்பதே இவ்விதழின் கருத்து.

தகடு எப்படி உருவாகிறது என்று பார்த்தாலே காரணம் விளங்கும். பருத்தித் துணியை ஃபீனால் ஃபார்மால்டிஹைடு ரெசினில் நனைத்து, பாதி உலர்த்தி, வேண்டிய கனத்துக்கு அடுக்கி, 150 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில், சதுர செ.மீ.க்குச் சுமார் 70 கிலோவும் அதற்கு மேலுமான அழுத்தத்தில் பிரஸ்ஸில் இறுக்குகிறார்கள். ரெசின் இறுகும்போது உள்ளே நீர் உண்டாகும். அது ஆவியாகி அடுக்குகளைப் பிளந்துவிடாமல் பிடித்து வைப்பது அந்த அழுத்தம்தான். இறுகிய பின் இந்த ரெசின் மறுபடி உருகாது. ஆக, தகட்டின் தளத்தில் இழுத்தால் நூல் தாங்கும். கனத்தின் திசையில் பிரித்தால் நடுவில் இருக்கும் ரெசின் ஒன்றுதான் தாங்கியாக வேண்டும். நாரோட்டம் பார்க்காமல் எந்தத் தச்சரும் பலகையில் உளி வைப்பதில்லை. ஹைலத்துக்கும் அந்தப் பார்வை வேண்டும்.

முதலில் வகை. கடையில் 'ஹைலம்' என்று கேட்டால் பேப்பர் அடுக்கும் வரும், கிளாத் அடுக்கும் வரும். பேப்பர் வகை மின்காப்புக்கு நல்லது. ஆனால் அடி தாங்காது. அதிர்வும் அடியும் உள்ள இடத்துக்குத் துணி வேண்டும். துணியிலும் நெசவைப் பார்க்க வேண்டும். அமெரிக்க நீமா தரத்தில் 'சி' வகை கனத்த கித்தான்: சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 136 கிராமுக்கு மேல் எடையுள்ள துணி. 'எல்' வகை அதற்குக் குறைந்த எடையில், நெருக்கமாக நெய்தது. பெரிய பல் கியர், தேய்மானப் பட்டை, தடித்த வாஷர் போன்றவற்றுக்குக் கித்தான் போதும். சிறிய பல், மெல்லிய சுவர், நுண்ணிய துளை என்றால் நெருக்க நெசவுதான் விளிம்பு பிசிறாமல் நிற்கும். 'சிஇ', 'எல்இ' வகைகள் மின்காப்பையும் கணக்கில் கொண்டவை. ஐஇசி 60893 தரத்தில் பிஎஃப் சிசி 201 இயந்திர உறுப்புகளுக்கு, 202 இயந்திர உறுப்புகளுக்கும் மின்காப்புக்கும் சேர்த்து. 203, 204 இரண்டும் இவற்றின் நெருக்க நெசவு வடிவங்கள். இந்திய தரமான ஐஎஸ் 2036-உம் நம் கைவசம் இருக்கிறது. இவற்றில் ஒன்றைக் குறிப்பிட்டு, டெஸ்ட் சர்டிஃபிகேட்டும் கேட்டால் கடைக்காரருக்கு ஊகிக்கும் வேலை இருக்காது.

எங்கே இதைப் போடக்கூடாது என்பதையும் அதே கையோடு முடிவு செய்துவிட வேண்டும். தொடர்ந்து 120 டிகிரிக்கு மேல் சூடேறும் இடம் இதற்கு ஆகாது. தூசியும் ஈரமும் படியும் மின் பலகையில், மேற்பரப்பில் கசியும் மின்னோட்டம் ஃபீனாலிக் ரெசினைக் கரியாக்கி, அந்தக் கரியையே வழியாக்கிக்கொள்ளும். அங்கே மெலமைன் ரெசினில் செய்த தகடு போன்றவை பாதுகாப்பானவை. வலுவான காரக் கரைசலும் இந்த ரெசினுக்குப் பகை. மறுபக்கம், நைலான் உருகிப்போகும் சூட்டிலும் இது உருகுவதில்லை. நீர் ஊற்றி ஓடும் ரீரோலிங் மில் பேரிங், வேக்குவம் பம்பின் வேன், அதிவேக ஸ்பிண்டில் பேரிங்கின் கேஜ் ஆகிய இடங்களில் இது நிலைத்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்தது திசை. கியரைத் தகட்டிலிருந்து வட்டமாக வெட்டி, அச்சு அடுக்குகளுக்குச் செங்குத்தாக நிற்கும்படி பல் வெட்டுவதே முறை. அப்போது ஒவ்வொரு பல்லுக்குள்ளும் நூல் ஓடும். தடித்த பலகையில் மிஞ்சிய துண்டைப் பக்கவாட்டில் நிறுத்திக் கியர் வெட்டினால், சில பற்கள் அடுக்கோடு அடுக்காகப் பிரிந்து வரும். இந்தப் பொருளின் எலாஸ்டிக் மாடுலஸ் சுமார் 7 ஜிகாபாஸ்கல், அதாவது எஃகில் முப்பதில் ஒரு பங்கு. பல் கொஞ்சம் வளைந்து கொடுத்துச் சுமையைப் பக்கத்துப் பல்லோடு பகிர்ந்துகொள்வதும், சத்தம் அடங்குவதும் அதனால்தான். ஜோடிக் கியர் கடினப்படுத்திய எஃகாகவோ நல்ல வார்ப்பிரும்பாகவோ இருக்கட்டும். பித்தளையையும் மிருதுவான எஃகையும் இது தேய்த்துத் தின்றுவிடும்.

புஷ்ஷில் இந்தத் தவறு இன்னும் மறைவாக நடக்கும். அச்சு அடுக்குகளுக்கு இணையாக இருக்கும்படி தடித்த பலகையிலிருந்து புஷ் கடைந்தால், துளைச் சுவரில் இரண்டு பக்கம் துணியின் முகமும் இரண்டு பக்கம் அதன் ஓரமும் வரும். ஈரம் குடிக்கும்போது தகடு கனத்தின் திசையில்தான் அதிகம் உப்பும். லேத்தில் வட்டமாக இருந்த துளை வேலைக்குப் போனதும் முட்டை வடிவமாகும். குழாயாகச் சுற்றி இறுக்கிய ரோல்டு டியூப் கிடைக்கும்போது பலகையிலிருந்து கடைவதற்குத் தேவையே இல்லை.

மெஷினிங்கில் மனதில் வைக்க வேண்டிய முதல் விஷயம் சூடு. எஃகோடு ஒப்பிட்டால் இது வெப்பத்தைக் கடத்துவதே இல்லை எனலாம். வெட்டும் சூடு முழுக்க டூல் முனையிலேயே தங்கும். ரெசின் இறுகியது, உராய்வு கடுமையானது. ஹைஸ்பீடு டூல் சீக்கிரம் மழுங்கி, வெட்டுவதை விட்டுத் தேய்க்க ஆரம்பிக்கும். விளிம்பு கருகுவதும் மூக்கைத் துளைக்கும் வாடை வருவதும் அதன் அடையாளம். தொடர் வேலைக்குக் கார்பைடு, கூர்மையான முனை, தாராளமான கிளியரன்ஸ் கோணம், டூல் நின்று தேய்க்காத சீரான ஃபீட் ஆகியவை வேண்டும். கூலண்ட் ஊற்ற வேண்டாம். அந்த நீரைத் துணி குடித்துவிடும். காற்று வீசினால் போதும்.

டிரில் செய்யும்போது அடியில் ஸ்கிராப் பலகை ஒன்றை வைத்து இறுக்கினால் வெளியேறும் பக்கம் பிய்ந்து வராது. அடிக்கடி டிரில்லை வெளியே எடுத்துத் தூளைத் தள்ள வேண்டும். போட்ட துளை சற்றே சுருங்கும் என்பதால் டிரில் அளவை அதற்கேற்பக் கூட்டி எடுப்பது அனுபவசாலிகளின் வழக்கம். அடுக்குகளுக்கு இணையாகத் துளை போட்டே ஆக வேண்டுமென்றால், தகட்டின் இரு முகங்களையும் வைஸில் முழுதாக அழுத்திப் பிடித்த பிறகே டிரில் இறங்க வேண்டும். ஓரத்தில் நேரடியாக மரை போடுவதை டிசைனிலேயே தவிர்த்துவிடலாம். தவிர்க்க முடியாத இடத்தில் பித்தளை இன்சர்ட் அல்லது ஊடுருவும் போல்ட், நட், அகல வாஷர் போடலாம். முகத்தில் மரை போடும்போது துளை வாயைச் சேம்ஃபர் செய்துவிட்டு, பெரிய பிட்ச் மரையாக எடுங்கள். மில்லிங்கில் கட்டர் வெளியேறும் விளிம்புதான் பிசிறும். அங்கேயும் ஒரு தாங்கு பலகை வையுங்கள்.

மூன்றாவது, அளவு. சூட்டோடு மைக்ரோமீட்டர் வைத்தால் அது பொய் சொல்லும். ஜாப் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு மேல் பருத்தி காற்றிலுள்ள ஈரத்தையும் குடிக்கும். உலர்ந்த மாதத்தில் 0.01 மி.மீ. டாலரன்ஸில் பாஸான உறுப்பு மழைக்காலத்தில் கேஜுக்குள் போகாமல் நின்றால், கடைந்தவர் மீது குற்றமில்லை. உலோகத்துக்கான டாலரன்ஸை இதற்கு எழுதியவர்தான் யோசிக்க வேண்டும். நீரில் ஓடும் புஷ்ஷுக்கு, வெண்கலத்துக்குக் கொடுப்பதைவிடக் கூடுதல் கிளியரன்ஸ் தேவை. எவ்வளவு என்பதை அதே சீட்டின் ஒரு துண்டை நீரில் ஊறவைத்து அளந்து முடிவு செய்வது நல்லது. மின்காப்பு உறுப்பில் வெட்டிய ஓரத்துக்கு வார்னிஷ் பூசுங்கள். ஈரம் உள்ளே நுழையும் வாசல் அந்த ஓரம்தான்.

தூசியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தத் தூள் தோலில் அரிப்பையும் மூச்சில் எரிச்சலையும் உண்டாக்கும், தீயும் பிடிக்கும். டஸ்ட் கலெக்டர் இல்லாமல் நாள் முழுக்க இந்த வேலை செய்யச் சொல்வது நியாயமில்லை. பழைய மெஷினிலிருந்து கழற்றிய மாதிரியை வைத்து நகல் எடுப்பவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை: ஒரு காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் துணியிலும் தாளிலும் ஃபீனாலிக் தகடு செய்தார்கள், நீமா தரத்தில் அவற்றுக்குத் தனி எழுத்துகளே இருந்தன. எந்த வகை என்று தெரியாத பழைய துண்டை ரம்பத்தில் வைக்காதீர்கள். வெளியே அளவெடுத்துவிட்டுப் பத்திரமாகத் தனியே வையுங்கள்.

டிராயிங் போடுபவர்களிடம் நாம் கேட்பது மூன்று வரிகள்தான்: தர எண்ணோடு கூடிய வகை, அம்புக்குறி போட்டுக் காட்டிய அடுக்குத் திசை, எந்த வெப்பத்திலும் ஈரத்திலும் அளவு பார்க்க வேண்டும் என்ற குறிப்பு. ஜாப் ஒர்க் பட்டறைகளிடமும் ஒரு கோரிக்கை. இந்த மூன்றில் ஒன்று விடுபட்டிருந்தாலும் கோட்டேஷன் கொடுக்கும் முன் எழுத்தில் கேளுங்கள். ஆர்டர் கைநழுவுமோ என்று பேசாமல் வாங்கிக்கொண்டால், திரும்பி வரும் உறுப்பின் செலவு உங்கள் கணக்கில்தான் ஏறும். கேட்டு வாங்கிய பதில் கையில் இருந்தால், பல் உதிரும் அன்று பேச்சு ஆபரேட்டரிடமிருந்து தொடங்காது.