கார் கிளட்ச் அடிக்கடி தேய்கிறதா?

பயிர், உரம், பூச்சி பற்றிய கேள்விகளோடு இப்போது வண்டிக் கேள்விகளும் நிறைய வருகின்றன. வீட்டுக்கு ஒரு பழைய கார் என்று கிராமம் மாறிவிட்டது. இந்த இதழுக்கு அப்படி இரண்டு கேள்விகள்.

கேள்வி: ஐயா, பத்து வருடமாக டிராக்டர் ஓட்டுகிறேன். ஒன்றரை வருடத்துக்கு முன்பு பழைய கியர் கார் ஒன்று வாங்கினேன். அதற்குள் இரண்டு முறை கிளட்ச் பிளேட் மாற்றியாகிவிட்டது. போன மாதம் இரவில் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும்போது, பாதி வழியில் இன்ஜின் உறுமியதே தவிர வண்டி நகரவில்லை. வேறு வண்டி பிடித்துத்தான் போனோம். காரில் கோளாறா, மெக்கானிக் வேலையில் கோளாறா?
- வாசகர், செல்லிப்பட்டு

பதில்: வாடிய செடியைப் பிடுங்கி வேரைப் பார்ப்பது போல, கழற்றிய பழைய பிளேட்டை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிளேட் எண்ணெயில் நனைந்திருந்தால் ஆயில் சீல் கசிகிறது. அதை மாற்றாமல் எத்தனை பிளேட் போட்டாலும் வீண்தான். பிளேட் உலர்ந்து, கருகித் தேய்ந்து, பிரஷர் பிளேட்டில் நீலம் பாய்ந்த தடங்கள் இருந்தால் அதிகச் சூட்டில் தேய்ந்திருக்கிறது. அதற்குப் பெரும்பாலும் ஓட்டுபவரின் இடது கால்தான் காரணம்.

பெடலை முழுதாக மிதித்தால் பிளேட் இன்ஜினிலிருந்து விலகி நிற்கும். முழுதாக விட்டால் இறுகப் பிடித்துக்கொள்ளும். இரண்டிலும் தேய்மானம் இல்லை. பாதி மிதித்த நிலையில்தான், சாணைக்கல்லில் அரிவாளை வைத்தது போல உரசித் தேயும். நிதானமாக ஓட்டுபவர் கையில் ஒரு கிளட்ச் ஒரு லட்சம் கிலோமீட்டர்கூட வரும்.

டிராக்டர் பழக்கம் காருக்கு வரும்போது இந்த நான்கைக் கவனியுங்கள்.

1. டிராக்டரில் தேவையான கியரைப் போட்டு அதிலேயே கிளப்புவோம். காரை எப்போதும் முதல் கியரில்தான் கிளப்ப வேண்டும். நெல் மூட்டையோடு இரண்டாவது கியரில் கிளப்பினால் சுமை முழுவதும் பிளேட் மேல் விழும்.

2. ஓடும்போது பெடல் மேல் கால் வைத்திருக்காதீர்கள். லேசாக அழுத்தினாலும் பிளேட்டின் பிடி தளரும். ரிலீஸ் பேரிங்கும் ஓயாமல் சுழன்று தேயும். கியர் மாற்றியதும் காலைத் தரையில் வையுங்கள்.

3. ஆற்றுக்கரை ஏற்றத்தில் எதிரே வண்டி வந்தால், பாதி கிளட்சில் காரை நிறுத்திப் பிடிக்காதீர்கள். ஹேண்ட் பிரேக் போட்டு நில்லுங்கள். கிளம்பும்போது கிளட்ச் பிடிப்பதை உணர்ந்த பிறகு ஹேண்ட் பிரேக்கை விடுங்கள்.

4. மழையில் களத்துச் சேற்றில் சக்கரம் சிக்கினால், இன்ஜினை முறுக்கிப் பாதி கிளட்சில் முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள். சில நிமிடத்திலேயே பிளேட் கருகிவிடும். சக்கரத்துக்கு அடியில் சாக்கோ பலகையோ போடுங்கள். அப்படியும் வராவிட்டால் கயிறு கட்டி டிராக்டரால் மெதுவாக இழுங்கள்.

கேபிள் கிளட்ச் என்றால் பெடலின் ஆட்டத்தையும் பார்க்க வேண்டும். மேலே கொஞ்ச தூரம் பெடல் லேசாக இறங்கிய பிறகே கனம் தெரிய வேண்டும். பிளேட் தேயத் தேய இந்த ஆட்டம் குறையும். ஆட்டமே இல்லாவிட்டால், நீங்கள் கால் வைக்காமலே பெடலை மிதித்தபடி ஓட்டுவதற்குச் சமம். சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் இதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கிளட்ச் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போகும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் சத்தம் கூடி வேகம் கூடாதது, ஏற்றத்தில் கருகல் வாடை, கியர் போடும்போது கறகறப்பு, பெடலை மிதித்தால் மட்டும் வரும் சத்தம் ஆகியவை அதன் அறிகுறிகள். சந்தேகம் இருந்தால் ஆள் இல்லாத சமதளத்தில், ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, கால் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, நான்காவது கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் உடனே நின்றுவிட்டால் பிடி நன்றாக இருக்கிறது. நிற்காமல் ஓடினால் உடனே பட்டறைக்குப் போங்கள். இந்தச் சோதனையை ஒரே ஒரு முறை செய்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் அதுவே பிளேட்டைத் தேய்த்துவிடும்.

மறுபடி மாற்ற நேர்ந்தால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். கியர்பாக்ஸை இறக்கும் கூலிதான் பெரிது. அதை இரண்டு முறை கொடுக்க வேண்டாம். வயதானவர்களும் கர்ப்பிணிகளும் உள்ள வீட்டில் காரின் கிளட்ச் இரவு நேரத்துக்கும் சேர்த்துத்தான் தயாராக இருக்க வேண்டும்.

கேள்வி: குடும்பத்தோடு ஏலகிரி போகிறோம். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்கிறார்கள். செய்யலாமா?
- வாசகி, பாகூர்

பதில்: கூடவே கூடாது அம்மா. ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. நியூட்ரலில் வண்டியின் வேகத்தைப் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும். இன்ஜினை அணைத்துவிட்டால் பிரேக் பெடலும் சில மிதிகளில் கல்லாக இறுகிவிடும். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இப்போதைய கார்களில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போவது நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் செலவாகும். எனவே மிச்சம் என்பதும் உண்மை இல்லை.