கையொப்பம் இடுபவர் யார்?



சென்ற ஆண்டு எங்கள் பங்கின் திருவிழாவையொட்டிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி ஒன்று வைத்தோம். ‘எங்கள் வீட்டு முதியவர்’ என்பது தலைப்பு. வீட்டிலேயே எழுதிக் கொண்டுவரலாம் என்று அறிவித்திருந்தோம். வந்தவற்றுள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கட்டுரை தனித்து விளங்கிற்று. பிழை ஒன்றேனும் இல்லை. வைகறையில் வாசல் தெளித்துக் கோலமிடும் பாட்டி, நிலவொளியில் சோறு உருட்டிக் கொடுத்துக் கதை சொல்லும் பாட்டி, மெல்லிய விரல்களால் பேத்திக்குத் தலைவாரிப் பூச்சூட்டும் பாட்டி என்று ஓவியம்போல் நகர்ந்தது நடை. நடுவர் மூவரும் ஒருமனதாக அதற்கே முதற்பரிசு என்று முடிவு செய்தோம்.

பரிசளிப்பு நாளன்று அந்த மூதாட்டியையும் மேடைக்கு அழைத்துச் சிறப்பிக்கலாம் என்றெண்ணி, ஒருநாள் மாலை அவர்கள் இல்லம் சென்றேன். திண்ணையில் அமர்ந்திருந்தவர் எழுந்து, “தோத்திரம் சாமி” என்று கைகூப்பினார். அக்கைகளைக் கண்டேன். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உப்பளத்தில் உழைத்த கைகள் அவை. தோல் தடித்து வெடித்திருந்தது. விரல்கள் முழுவதும் நிமிரவில்லை. கோலமிட அவ்வீட்டுக்கு வாசல் என்று தனியே ஒன்றும் இல்லை, தெருவே வாசல். பேத்தி அவரைப் ‘பாட்டி’ என்று அழைக்கவும் இல்லை. நம் வட்டார வழக்கப்படி ‘ஆச்சி’ என்றே அழைத்தாள்.

மூதாட்டி தேநீர் வைக்க உள்ளே சென்றதும், நான் ஒன்றும் வினவாமலேயே மாணவி தலைகவிழ்ந்தாள். “கைப்பேசியில் தலைப்பை மட்டும் கொடுத்தேன், சாமி. அதுவே எழுதித் தந்தது” என்றாள்.

“உன் ஆச்சியைப் பற்றி நீயே எழுதியிருக்கலாமே, அம்மா?”

“ஆச்சி உப்பு வாரினவள். அதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது, சாமி?”

அந்தக் கேள்வி அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. அவளைக் கடிந்துகொள்ளவும் எனக்கு வாய் எழவில்லை. காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதற்குச் சில திங்கள் முன்பு, வேலை நெருக்கடியில், திருமண மறையுரை ஒன்றை அதே பொறியிடம் கேட்டு வாங்கி வாசித்தேன். “இன்று அருமையாகப் பேசினீர்கள்” என்று மணமகன் வீட்டார் கைகொடுத்தபோது நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டேன். வேறொருவருக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படித்தவன் போன்ற கூச்சம் அன்றைக்கு. மணமக்களின் பெயரைத் தவிர அவர்களைப் பற்றிய சொல் ஒன்றுகூட அந்த உரையில் இல்லை.

செயற்கை நுண்ணறிவு என்னும் இப்பொறி எவ்வாறு எழுதுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். மனிதர் எழுதிவைத்த அளவற்ற நூல்களையும் கட்டுரைகளையும் அதற்கு ஊட்டுகிறார்கள். எந்தச் சொல்லை அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்பதை அவற்றிலிருந்து அது கணித்துப் பழகுகிறது. நாம் ஒரு தலைப்பைக் கொடுத்தால், அத்தலைப்புக்குப் பெரிதும் பொருந்திவரும் சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கித் தருகிறது. ‘பாட்டி’ என்றவுடன் கோலமும் நிலவும் கதையும் வந்து நின்றதன் காரணம் இதுவே. ஆயிரம் பாட்டிமாரின் சாயல் அதில் உண்டு. அந்தத் திண்ணையில் அமர்ந்திருந்த ஒருவர் மட்டும் இல்லை. அவரை அது கண்டதில்லை. பேத்தியும் அவரைப் பற்றி அதனிடம் சொல்லவில்லை.

படம் வரையும் பொறிகளும் இவ்வாறே பழகியவை. 2022ஆம் ஆண்டு வெளியான ஒரு தொகுப்பில் மட்டும், இணையத்திலிருந்து திரட்டிய 585 கோடி படங்களின் முகவரிகளும் அவற்றின் விளக்கச் சொற்களும் இடம்பெற்றன. புகழ்பெற்ற படப்பொறி ஒன்று அதன் பகுதிகளைக் கொண்டே பயிற்றுவிக்கப்பட்டது. அப்படங்களை வரைந்தவர்களிடமும் எடுத்தவர்களிடமும் ஒப்புதல் கேட்கப்படவில்லை. இங்கேதான் அறநெறிக் கேள்விகள் எழுகின்றன. அவற்றை மூன்று சொற்களில் அடக்கலாம்: கேட்டாயா? கொடுத்தாயா? சொன்னாயா?

முதலாவது, கேட்டாயா, கொடுத்தாயா என்னும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம். நம் தமிழ்த் திரையுலகிலேயே நேர்மாறான இரு நிகழ்ச்சிகள் உண்டு. ‘லால் சலாம்’ என்னும் 2024ஆம் ஆண்டுப் படத்தில், மறைந்த பாடகர்கள் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகிய இருவரின் குரல்களையும் ஏ. ஆர். ரகுமான் இப்பொறியின் துணையால் ஒரு பாட்டில் மீண்டும் ஒலிக்கச் செய்தார். இரு குடும்பத்தாரிடமும் ஒப்புதல் பெற்று, உரிய ஊதியமும் அளித்ததாக அவர் அறிவித்தார். இறந்தவர் குரலைக் கேட்பது தகுமா என்ற தயக்கம் நமக்கு இருக்கலாம். ஆயினும் கேட்டார், கொடுத்தார், சொன்னார், மூன்றும் நிறைவேறின.

மற்றொன்று, 2013இல் வெளியான ‘அம்பிகாபதி’. இந்தியில் ‘ராஞ்சனா’ என்று எடுக்கப்பட்ட அப்படத்தின் முடிவில் கதைத்தலைவன் இறந்துபோவான். 2025 ஆகஸ்டு முதல் நாள் தமிழ்ப் பதிப்பை மீண்டும் திரையிட்டபோது, இப்பொறியைக்கொண்டு முடிவை மாற்றி, அவனைப் பிழைக்கவைத்துவிட்டார்கள். படத்தின் உரிமை நிறுவனத்தின் கையில் இருந்தது. ஆனால் அதனை இயக்கிய ஆனந்த் எல். ராய் ஒப்பவில்லை, நடித்த தனுசும் வெளிப்படையாக வருந்தினார். விலைக்கு வாங்கிய வீட்டை இடித்துக் கட்டுவது வேறு, ஒருவன் சொன்ன சொல்லை மாற்றிவிட்டு அவன் பெயரை அப்படியே விட்டுவைப்பது வேறு அன்றோ? நமது நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவும் இவ்வேறுபாட்டை அறிந்தே எழுதப்பட்டுள்ளது. உரிமையை விற்றுவிட்ட பின்னரும், தன் பெருமைக்கு ஊறு நேரும்படி படைப்பு சிதைக்கப்படின் அதனைத் தடுக்கக் கோரும் உரிமை படைத்தவனுக்கு உண்டு.

எழுத்தாளரின் உழைப்புக்கும் இதே அளவுகோல்தான். உரிமையின்றிப் பரப்பப்பட்ட நூல் தொகுப்புகளிலிருந்து நூல்களை எடுத்துக்கொண்டதாக எழுத்தாளர்கள் தொடுத்த வழக்கில், அமெரிக்காவின் ஆந்த்ரோபிக் என்னும் நிறுவனம் 150 கோடி டாலர் தர 2025 செப்டம்பரில் உடன்பட்டது. நூல் ஒன்றுக்கு ஏறத்தாழ 3,000 டாலர். அதே வழக்கில் நீதிபதி முன்னரே, முறையாக வாங்கிய நூல்களைக்கொண்டு பொறியைப் பயிற்றுவது அந்நாட்டுச் சட்டப்படி குற்றமன்று என்றும், திருட்டுப் பிரதிகளைச் சேர்த்துவைத்ததற்கு அந்தச் சலுகை இல்லை என்றும் பிரித்துக் கூறியிருந்தார். சட்டம் எங்கே கோடு கிழிக்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறலாம். பிறர் வயலில் அறுவடை செய்பவன் வயலுக்கு உரியவனைக் கேட்கவேண்டும் என்பதை அறிவதற்கு நமக்கு நீதிமன்றம் தேவையில்லை.

மூன்றாவது கேள்வி, சொன்னாயா என்பது. செருமானிய ஒளிப்படக் கலைஞர் போரிஸ் எல்டாக்சன் 2023இல் உலகப் புகழ்பெற்ற ஒரு போட்டிக்குப் படம் ஒன்றை அனுப்பினார், பரிசும் கிடைத்தது. மேடையேறி, இது பொறி ஆக்கிய படம், எனவே பரிசு எனக்கு வேண்டாம் என்று மறுத்துவிட்டார். போட்டி நடத்துவோர் விழித்திருக்கிறார்களா என்று சோதிக்கவே அனுப்பியதாகவும் கூறினார். உண்மையைச் சொல்லும் துணிவு இருந்தபடியால் அது சோதனை ஆயிற்று. சொல்லாது பரிசை வாங்கியிருந்தால் அதற்குப் பெயர் வேறு. 2023இல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து பெற்ற உடன்பாட்டிலும் இது இடம்பெற்றது. பொறியை எழுத்தாளராகக் கொள்ளலாகாது. பொறி எழுதியதை ஓர் எழுத்தாளரிடம் கொடுக்கும் நிறுவனம் அதனை அவரிடம் தெரிவித்தாக வேண்டும். பொறியைப் பயன்படுத்துமாறு அவரைக் கட்டாயப்படுத்தலாகாது. அவர்கள் பொறியை உடைக்கச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நாமும் உடைக்கச் சொல்லவில்லை. ஒளிப்படக் கருவி வந்தபோது ஓவியம் அழிந்தது என்றார்கள், அழியவில்லை. எழுத்துப்பிழை பார்ப்பதற்கும், பிறமொழிக் கடிதத்தின் பொருள் அறிவதற்கும், கண்பார்வை அற்றோர்க்கு எதிரில் உள்ளதை எடுத்துரைப்பதற்கும் இப்பொறி உதவுகிறது. அவ்வுதவியைத் தள்ளுவது பேதைமை.

ஆனால் கேட்டு, கொடுத்து, சொல்லிய பின்னும் கடக்க முடியாத எல்லை ஒன்று அதற்கு உண்டு. பொறி சாட்சி சொல்ல இயலாது. 2025 மே திங்களில் அமெரிக்காவின் ‘சிக்காகோ சன் டைம்ஸ்’ நாளேட்டோடு வந்த இணைப்பில், கோடை விடுமுறையில் படிக்கத்தக்க 15 நூல்களின் பட்டியல் வெளியாயிற்று. அவற்றுள் 10 நூல்கள் உலகிலேயே இல்லாதவை. ஆசிரியர்கள் மெய்யான மனிதர்கள். அவர்கள் அந்நூல்களை எழுதவே இல்லை. பொறியிடம் கேட்டு வாங்கியதைச் சரிபாராது அனுப்பிவிட்டதாக, பட்டியலைத் தொகுத்தவரே ஒப்புக்கொண்டு வருந்தினார். பொறி வருந்தவில்லை. பொய் சொல்லும் எண்ணமும் அதற்கு இருந்ததில்லை, மெய் சொல்லும் எண்ணமும் இருந்ததில்லை. பொருந்தும் சொல்லைத் தந்தது, அவ்வளவே. பழிக்கு முகம்கொடுக்க இறுதியில் ஒரு மனிதரே முன்வர வேண்டியிருந்தது.

‘பழையதும் புதியதும்’ என்று பொருள்படும் இலத்தீன் தலைப்போடு 2025 சனவரியில் வத்திக்கான் வெளியிட்ட ஏடும் இதனையே வற்புறுத்துகிறது. இந்நுண்ணறிவை மனித அறிவுக்கு இணையான வேறோர் அறிவாகக் கருதலாகாது. அது மனித அறிவின் விளைபொருள். அதனால் விளையும் நன்மை தீமைக்குப் பொறுப்பு மனிதர்மீதே நிற்கும். கட்டுரையின் கீழே நாம் இடும் கையொப்பம் இந்தப் பொறுப்பின் அடையாளமேயாகும். ‘நான் கண்டேன், நான் எண்ணினேன், தவறாயின் என்னைக் கேளுங்கள்’ என்பதே அதன் பொருள்.

ஆதலின் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் இப்பொறியைத் தொடவே கூடாது என்று தடுப்பது நடவாத காரியம். பிள்ளை எழுதிக் காட்டும்போது, “இதில் நீ கண்டது எது?” என்று மட்டும் கேட்டுப் பழகுங்கள். பிழை மலிந்த நாலு வரியாயினும், தான் கண்டதை எழுதியிருந்தால் அதனைப் பாராட்டுங்கள். பிழையைக் கண்டு நாம் நகைப்பதால்தான் பிள்ளைகள் பிழையில்லாத பொய்யை நாடுகிறார்கள். போட்டியில் அந்தக் கட்டுரையைத் தேர்ந்தெடுத்த நடுவர்களாகிய எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. நாங்கள் விரும்பியதும் மெல்லிய விரல்களைத்தானே!

அம்மாணவியின் செய்தியைச் சொல்லி முடிக்கிறேன். பரிசு வேண்டாம் என்று அவளாகவே வந்து சொன்னாள். அடுத்த நிலையில் இருந்த சிறுவனுக்கு அது சென்றது. “போட்டிக்காக அன்று, எனக்காக எழுதிக் கொடு” என்று அவளிடம் கேட்டேன். இரண்டு வாரம் கழித்து நான்கு பக்கம் கொண்டுவந்தாள். ‘ஆச்சி’ என்று தொடங்கிற்று. வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க நள்ளிரவு கழிந்ததும் எழுந்து புறப்படுவது, தூக்குச் சட்டியில் கஞ்சி, வெள்ளை உப்பின்மேல் வெயில் பட்டுக் கண் கூசுவது, இரவில் கால்வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் தடவுகையில் பல்லைக் கடித்துக்கொள்வது என எல்லாம் இருந்தன. சோற்றில் உப்புக் குறைந்தால் ஆச்சி கேட்பதே இல்லையாம்; “நான் வாரின உப்பே போதும்” என்பாராம். எழுத்துப்பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

ஆச்சிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆகவே திண்ணையில் உட்கார்ந்து பேத்தி உரக்க வாசித்தாள், நானும் உடனிருந்தேன். முடிந்த பிறகு மூதாட்டி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பேத்தியைப் பார்த்து, “கால் வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் இல்லை, வேப்பெண்ணெய். அதை மாற்றி எழுது” என்றார்.

அவள் அங்கேயே பேனாவை எடுத்துத் திருத்தினாள்.