வேலியே பயிரை மேய்ந்தால்?

2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களின் முதல் வாரத்தில் நம் பெங்களூரு ஜெயதேவா இதய மருத்துவமனையின் வாயிலில் திரண்ட கூட்டத்தைக் கண்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஹாசன் மாவட்டத்தில் நாற்பது நாட்களுக்குள் இருபதுக்கு மேற்பட்டோர் மாரடைப்பால் மாண்டனர், அவருள் இளைஞர் பலர் என்று செய்தி பரவிற்று. ஏடுகள் எழுதின, தொலைக்காட்சிகள் முழங்கின. மாநில முதலமைச்சரே கோவிட் தடுப்பூசியின்மீது ஐயம் எழுப்பினார். மத்திய அரசின் நலத்துறை அதனை உடனே மறுத்தது. ஜெயதேவா இயக்குநரின் தலைமையில் அமைந்த வல்லுநர் குழு, இறப்புக்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, ஹாசனில் வழக்கத்திற்கு மாறான பெருக்கம் ஏதுமில்லை என்றும், புகையும் நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் போன்ற பழைய பகைவர்களே இங்கும் நிற்கின்றனர் என்றும் அறிக்கை தந்தது.

ஆனால், அச்சம் அறிக்கை படிப்பதில்லையே! நம் விடுதியிலும் அந்நாட்களில் இரவெல்லாம் இதே பேச்சுத்தான். நான்காண்டுகளுக்கு முன், 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள், கன்னட மக்களின் அன்பிற்குரிய நடிகர் புனீத் ராஜ்குமார் நாற்பத்தாறு வயதில் மறைந்தபோதும் இவ்வாறே பேசினர். “உடற்பயிற்சிக் கூடத்திற்குப் போகாதே” என்றனர் சிலர். “ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டால் நிம்மதி” என்றனர் பலர்.

தோழர்களே, அந்த நிம்மதி பொய்யானது என்பதே என் கட்சி. நான் மருத்துவன் அல்லன். உயிரணுக்களைப் பற்றிப் பயிலும் முதுகலை அறிவியல் மாணவன். எனினும், படித்தவரும் பாமரரும் ஒருங்கே ஒரு தவறான படத்தை நெஞ்சில் மாட்டி வைத்திருக்கும்போது, அதனைக் கழற்றும் உரிமை மாணவனுக்கும் உண்டல்லவா?

எந்தப் படம் அது? சமையலறைக் குழாயின் படம். எண்ணெய்ப் பிசுக்கு நாளடைவில் படிகிறது, வழி குறுகுகிறது, ஒருநாள் முற்றும் அடைத்துக்கொள்கிறது. மாரடைப்பும் அப்படித்தான் என்று எண்ணுகிறோம். ‘அடைப்பு’ என்ற சொல்லே நம்மை அவ்வழியில் இழுத்துச் செல்கிறது. அடைப்பு எத்தனை விழுக்காடு என்று கேட்கிறோம். முப்பது என்றால் மூச்சு விடுகிறோம். தொண்ணூறு என்றால் மயங்கி விழுகிறோம்.

இக்கணக்கை 1988-ஆம் ஆண்டிலேயே ஓர் ஆய்வு கலைத்தது. முன்பு ஒருமுறை ஆஞ்சியோகிராம் எடுத்திருந்து, பின்னர் மாரடைப்புக்கு ஆளானவர்களின் பழைய படங்களை எடுத்துப் பார்த்தார்கள். இரத்தம் உறைந்து அடைத்த இடம், பழைய படத்தில், பெரும்பாலோர்க்குப் பாதிகூடக் குறுகாதிருந்த இடம்! மிகக் குறுகிய இடம் தீங்கற்றது என்று இதற்குப் பொருளன்று. குறுகாத இடங்கள் எண்ணிக்கையில் மிகுதி. அவற்றுள் எது வெடிக்கும் என்பதை அகலத்தை அளந்து மட்டும் சொல்ல முடியாது என்பதே பொருள். 2020-இல் முடிவு வெளியான, 5,179 பேர் பங்குகொண்ட ‘இஸ்கீமியா’ ஆய்வும் இதையே வேறு வழியில் காட்டிற்று. மாரடைப்பு நேராமல் நிலையான நோயுடன் இருப்போர்க்கு, நல்ல மருந்துடன் ஸ்டென்ட்டோ அறுவையோ சேர்த்துச் செய்ததனால் உயிரிழப்புக் குறையவில்லை, நெஞ்சுவலி குறைந்தது. (மாரடைப்பு நேரும்போது வைக்கும் ஸ்டென்ட் வேறு, அது உயிர் காப்பது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டா.)

அப்படியானால் அந்தக் கொழுப்புத் திட்டுக்குள் நடப்பதுதான் என்ன? இங்கேதான் நம் படைவீரர்கள் வருகிறார்கள்.

இரத்தத்திலுள்ள கெட்ட கொழுப்புத் துகள்கள் தமனியின் உட்சுவரைக் கடந்து அடியில் தங்கி, அங்கே கெட்டுப் போகின்றன. உடல் இதனை அந்நியன் புகுந்ததாகவே கருதுகிறது. வெள்ளணுக்களுள் ஒருவகை சுவருக்குள் நுழைந்து விழுங்கணுக்களாக மாறுகின்றன. மாக்ரோபேஜ் என்பது அவற்றின் பெயர். கிருமியை விழுங்கவேண்டிய இவை கொழுப்பை விழுங்கத் தொடங்குகின்றன. கெட்டுப்போன கொழுப்பை உள்ளே இழுக்கும் வாயில்களுக்கு ‘போதும்’ என்ற சொல்லே தெரியாது. உண்டு உண்டு பருத்து, நுண்ணோக்கியில் சோப்பு நுரைபோல் தோன்றுவதால் நுரையணுக்கள் எனப் பெயர் பெற்று, உண்ட இடத்திலேயே மடிகின்றன. மடிந்தவற்றை அப்புறப்படுத்துவதும் விழுங்கணுக்களின் வேலைதான். அந்த வேலை இங்கே பிந்திப் போகிறது. பிணங்கள் குவிகின்றன, திட்டின் நடுவே சேறு போன்ற ஒரு குழி உண்டாகிறது.

உடலும் சும்மா இருப்பதில்லை. தமனியின் தசையணுக்கள் கொலாஜன் என்னும் நாரை நூற்று, அந்தச் சேற்றின்மேல் உறுதியான மூடி போடுகின்றன. மூடி தடித்திருக்கும்வரை மனிதன் ஐம்பது ஆண்டும் வாழலாம். தன் தமனியில் திட்டு இருப்பதையே அறியாமல் வாழலாம். ஆனால் டி அணுக்கள் எனப்படும் வேறொரு படையினர் அங்கே வந்து இண்டர்பெரான் காமா என்னும் பொருளைச் சுரக்கின்றனர். அதனால் நார் நூற்பது நிற்கிறது. அப்பொருளால் வெறியூட்டப்பட்ட விழுங்கணுக்கள், இருக்கின்ற நாரையும் அறுக்கும் நொதிகளைக் கக்குகின்றன. ஒருபுறம் நெசவு நின்றது. மறுபுறம் துணி கிழிக்கப்படுகிறது! வெடித்த திட்டுக்களை ஆராய்ந்தோர், மூடி 65 மைக்ரானுக்கும் குறைவாக மெலிந்திருப்பதைக் கண்டனர். நம் தலைமயிர் ஒன்றின் தடிப்பு அவ்வளவு இருக்கும். அந்த மயிரிழைதான் கிழிகிறது. உள்ளிருக்கும் சேறு இரத்தத்தைத் தொட்டவுடன் இரத்தம் உறைகிறது. காலையில் நலமாக நடந்தவன் நண்பகலில் இல்லை என்கிறோமே, அதன் கதை இது.

வேலியே பயிரை மேய்ந்த கதை என்று இதனைச் சொல்லலாமா? சொல்லலாம், ஆயினும் முழுதும் பொருந்தாது. அதே படையில், பூசலைத் தணிக்கும் டி அணுக்களும் உண்டு. மூடி தடிக்க அவை துணை நிற்கின்றன. மேலும், எல்லா மாரடைப்பும் மூடி கிழிந்து நேர்வதுமன்று. சிலர்க்கு மூடி கிழியாமலே மேற்பரப்பு உராய்ந்து இரத்தம் உறைகிறது. வேலியை வெட்டி எறிந்துவிட்டால் தீர்ந்தது என்று எண்ணுபவர்க்கு இதனைச் சொல்லி வைக்கிறேன்.

1913-இல் உருசிய நாட்டு அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்டிரால் ஊட்டித் தமனியில் திட்டு வளர்த்துக் காட்டினார். அதற்கும் முன்பே, செருமானிய அறிஞர் விர்ச்சோ இஃது ஓர் அழற்சி என்று கூறியிருந்தார். இரு கட்சியும் நெடுங்காலம் தனித்தனியே நடந்தன. 1999-இல் அமெரிக்காவின் ரஸ்ஸல் ராஸ், தமனித் தடிப்பு ஓர் அழற்சி நோயே என்று அறுதியிட்டு எழுதினார். அவ்வாண்டே மறைந்தும் போனார். கொலஸ்டிரால் குற்றமற்றது என்று இதனால் எவரும் தீர்ப்பெழுதிவிட வேண்டா. தீ மூட்டுவது அதுவே; எரிப்பது நம் அணுக்கள்.

தீயை மட்டும் அணைத்தால்? 2017-இல் வெளியான ‘கேண்டோஸ்’ ஆய்வில், முன்பே மாரடைப்பு கண்ட 10,061 பேர் பங்குகொண்டனர். இண்டர்லூகின்-1 பீட்டா என்னும் அழற்சித் தூதனைத் தடுக்கும் ஊசியை ஒரு பகுதியினர் பெற்றனர். கொலஸ்டிரால் சிறிதும் குறையவில்லை. ஆயினும் நடுத்தர அளவு பெற்றவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் இதயநோய்ச் சாவும் சேர்ந்து 15 விழுக்காடு குறைந்தன. விர்ச்சோ வென்றார்! ஆனால் விலை? மருந்தின் விலை எளியோர்க்கு எட்டாதது. அதைவிடப் பெரிய விலை, தொற்று நோயால் மாண்டவர் தொகை கூடியதுதான். காவலனைக் கட்டிப் போட்டால் கள்வன் வருவான்.

அடுத்து வந்ததைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. காரணம் சொல்கிறேன். நான் தாராபுரத்தை அடுத்த மூலனூர்ப் பக்கத்தவன். எங்கள் பக்கத்தில் கண்வலிக்கிழங்கு பயிரிடுகிறார்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் மலர்களை அடுக்கும்போது முதலில் வைத்தாரே, அந்தச் செங்காந்தள்தான். பூத்த நாட்களில் காலை வேளையில் பெண்கள் பூப்பூவாகச் சென்று கையாலேயே மகரந்தம் சேர்ப்பார்கள். விதை வெளிநாடு போகும். அந்த விதையிலிருந்து எடுக்கும் கோல்சிசின், வெள்ளணுக்களின் நடமாட்டத்தைத் தளர்த்தும் மருந்து. மூட்டு வாதத்திற்கு நெடுங்காலமாகத் தரப்படுவது. நாள்தோறும் அரை மில்லிகிராம் கொடுத்ததில் இதய நிகழ்ச்சிகள் குறைந்தன என்று 2019-இல் 4,745 பேரிடமும், 2020-இல் 5,522 பேரிடமும் நடந்த ஆய்வுகள் கூறின. 2023-இல் அமெரிக்கா இதய நோய்க்கு இதனை ஏற்றது. 2024-இல் 7,062 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு, மாரடைப்பு நேர்ந்தவுடன் தொடங்கியவர்க்குப் பயன் காணவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை.

விதை நம்முடையது; ஆய்வை நடத்தியோர் மாண்ட்ரீலிலும் ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் இருந்தவர்கள். நம் தமனிகளில் இளமையிலேயே திட்டு வளர்வது ஏன், நம் விழுங்கணுக்கள் எவ்வாறு நடக்கின்றன என்பதை இந்நகரத்து ஆய்வுக்கூடங்கள் அல்லவா கேட்கவேண்டும்? இதை எழுதும்போது என் பேராசிரியர்கள் படிப்பார்கள் என்ற நினைவுடனேயே எழுதுகிறேன். (இதனைப் படித்துவிட்டு ஊரில் யாரும் கிழங்கை அரைத்துக் குடித்துவிட வேண்டா. அது கொடிய நஞ்சு. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறுகியது.)

மருந்து வரும்வரை படைவீரர்க்கு வெறியூட்டாதிருப்பது நம் கையில்தான் இருக்கிறது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர், முதல் மாரடைப்பு கண்ட 200 பேரையும் ஒத்த வயதினர் 200 பேரையும் ஒப்பிட்டு 1996-இல் வெளியிட்ட ஆய்வில், முதற்பகையாக நின்றது புகை. சிகரெட்டும் பீடியும் ஒன்றுபோலவே. நம் வளாக வாயிலின் காண்டிமெண்ட்ஸ் கடையில் ஒரு கையில் தேநீரும் மறுகையில் சிகரெட்டுமாக நின்றுகொண்டே ஹாசனைப் பற்றி அஞ்சுகிற நண்பர்களுக்கு வேறு என்ன சொல்ல?

அக்கல்லூரியினரே முன்னின்று நடத்திய ‘கிரியேட்’ ஆய்வு, இந்திய நகரங்களின் 20,468 நோயாளிகளைப் பற்றி 2008-இல் வெளிவந்தது. நெஞ்சு வலி தொடங்கியது முதல் மருத்துவமனையை அடைவதுவரை சென்ற நேரத்தின் இடைநிலை அளவு 360 நிமிடம். ஆறு மணி நேரம்! முப்பது நாளில் மாண்டவர் வறியோரில் 8.2 விழுக்காடு, செல்வரில் 5.5. மூடி கிழிவது யாவர்க்கும் ஒன்றே. பிறகு வரும் சிகிச்சைதான் ஒன்றாக இல்லை. அதனால்தான், 2023-இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தை நான் ஸ்கேன் நிலையங்களைவிட உயர்வாக மதிக்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் அடோர்வாஸ்டேடினும் உடனே தந்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். கர்நாடகத்தில் புனீத் ராஜ்குமார் பெயரால் அமைந்த திட்டத்தில், உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஊசியை வட்ட மருத்துவமனைகளிலேயே இலவசமாகப் போடுகிறார்கள்.

நம்முள் பலர்க்குத் தந்தையார் ஊரில் நீரிழிவோடு இருக்கிறார். நாம் இங்கே இருக்கிறோம். நெஞ்சில் பாரம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லா வியர்வை, மூச்சுத் திணறல். இவற்றை ‘வாயுப் பிடிப்பு’ என்று சொல்லிச் சோடா குடித்துப் படுத்துக்கொள்ளும் வழக்கம் எங்கள் ஊரில் உண்டு. உங்கள் ஊரிலும் இருக்கும். இக்குறிகளையும் 108 என்ற எண்ணையும் தமிழிலும் கன்னடத்திலும் ஒரு பக்கத்தில் அச்சிட்டு, விடுதி அறைதோறும் ஒட்டவும், ஊருக்குச் செல்வோர் கையில் கொடுத்தனுப்பவும் சங்கச் செயலாளர் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். கன்னடப் படியைத் திருத்தித் தர என் அறைத்தோழர், மண்டியாக்காரர், இசைந்திருக்கிறார்.