நடத்தியதைக் கேட்போம்: வகுப்பறைத் தேர்வு குறித்து எங்கள் நிலைப்பாடு

ஆறாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடம் ‘அளவீடுகள்’. எங்கள் ஆசிரியர் அமைப்பின் உறுப்பினர் ஒருவர் அதைப் பத்துப் பாடவேளைகளில் நடத்தினார். பிள்ளைகள் மேசையை அளந்தார்கள். வளைந்த கோட்டின் மேல் நூலைப் பிடித்து வைத்து அளந்தார்கள். அளவிடும் குவளையில் தண்ணீர் ஊற்றி, நூலில் கட்டிய கல்லை இறக்கி, மட்டம் எவ்வளவு ஏறியது என்று பார்த்துக் கல்லின் கன அளவைக் கண்டார்கள். அடுத்த வாரம் சிலிப் டெஸ்ட். வினாத்தாள் வெளியிலிருந்து வந்தது. நீளத்தின் அலகு என்ன, ஒரு மீட்டருக்கு எத்தனை சென்டிமீட்டர், இடமாறு தோற்றப் பிழை என்றால் என்ன, கோடிட்ட இடம், பொருத்துக. எதையும் அளக்கச் சொல்லி ஒரு கேள்விகூட இல்லை.

வகுப்பில் நூலை முதலில் சரியாகப் பிடித்து அளந்து காட்டிய மாணவி இருபதுக்கு ஏழு வாங்கினாள். புக் பேக் வினாக்களை ஒப்பித்த மாணவன் பதினெட்டு வாங்கினான். ஆசிரியர் அவனிடம் முனை உடைந்த ஸ்கேல் ஒன்றைக் கொடுத்து ஒரு பென்சிலை அளக்கச் சொன்னார். பென்சிலின் ஒரு முனை 2இல், மறுமுனை 9.5இல் நின்றது. “ஒன்பதரை, சார்” என்றான். அந்தத் தேர்வு இருவரைப் பற்றியும் தவறான தகவலையே கொடுத்திருந்தது. அந்தத் தகவல்தான் பதிவேட்டில் ஏறியது, பெற்றோர் கையெழுத்துக்கும் போனது.

அரசுப் பள்ளி ஆசிரியர்களாகிய எங்கள் அமைப்பு இதைப் பலமுறை பேசி எடுத்த நிலைப்பாடு இது: வகுப்பறைத் தேர்வுக்கான வினாக்களை அந்த வகுப்புக்குப் பாடம் நடத்தும் ஆசிரியரே எழுத வேண்டும். பாடத்தின் கற்றல் நோக்கங்களிலிருந்து அவை பிறக்க வேண்டும். பாடம் முடிந்த பிறகு அவசரமாகத் தயாரிக்காமல், நடத்தத் தொடங்கும் முன்பே அவற்றைத் திட்டமிட வேண்டும்.

திட்டமிடுவது பெரிய வித்தை அல்ல. ஒரு தாளில் கட்டம் போட்டால் போதும். இடப்பக்கம் பாடப்பகுதிகள், மேலே பிள்ளை செய்ய வேண்டியது: நினைவுகூர்தல், புரிந்து விளக்குதல், பயன்படுத்துதல். பி.எட். படித்த எல்லோரும் ப்ளூ பிரிண்ட் என்ற பெயரில் இதை ஒருமுறையாவது போட்டிருப்போம். பயிற்சி முடிந்ததும் மறந்திருப்போம். மேலே சொன்ன ஆசிரியரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அளந்து பார்ப்பதற்கு 4 பாடவேளை, அலகு மாற்றத்துக்கு 3, பிழையின்றி அளப்பதற்கு 2, அளவை முறைகளின் வரலாற்றுக்கு 1. அப்படியானால் 20 மதிப்பெண் தேர்வில் 8, 6, 4, 2 என்று பிரியும். எட்டு மதிப்பெண்ணுக்கு உரிய வினாக்களில் பிள்ளை கையில் ஸ்கேல் இருக்க வேண்டும், அல்லது தாளில் ஸ்கேலின் படமாவது இருக்க வேண்டும். வந்த தாளில் அந்த எட்டுக்குப் பூஜ்ஜியம்.

இதில் ஒரு குழி இருக்கிறது, நாங்களும் விழுந்திருக்கிறோம். நடத்தியதைக் கேட்பது என்றால் கரும்பலகையில் போட்ட கணக்கை எண் மாறாமல் திருப்பிக் கேட்பது அல்ல. வகுப்பில் கல்லைத் தண்ணீரில் இறக்கிக் காட்டிவிட்டுத் தேர்விலும் அதே கல்லையே கேட்டால், பயன்படுத்தும் திறனைச் சோதிப்பதாக நினைத்துக்கொண்டு நினைவாற்றலைத்தான் சோதிக்கிறோம். ஓர் இஞ்சித் துண்டின் கன அளவை எப்படிக் காண்பாய் என்று கேட்டால் அது வேறு தேர்வு. திறன் வகுப்பில் கற்றுத் தந்ததாக இருக்க வேண்டும், பொருள் பிள்ளைக்குப் புதிதாக இருக்க வேண்டும்.

தமிழ்ப் பாடத்தில் நிலைமை இன்னும் மோசம். கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்று நான்கு திறன்களையும் நோக்கமாகச் சொல்கிறோம். தேர்வு எழுத்துக்கு மட்டும் நடக்கிறது. ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்கும் பிள்ளைக்கு அதற்கென்று எந்த மதிப்பெண்ணும் கிடைப்பதில்லை. கணக்கில் இதற்கு நேர்மாறான சிக்கல். ஐந்தாம் வகுப்பில் நான்கு வரி வாழ்வியல் கணக்கைக் கொடுக்கிறோம். கூட்டவும் கழிக்கவும் நன்றாகத் தெரிந்த பிள்ளை, வாக்கியத்தை வாசிக்க முடியாமல் தாளை வெறுமையாகத் தருகிறது. சோதிக்க நினைத்தது கணக்கை என்றால், கேள்வியை ஆசிரியர் வாய்விட்டு வாசித்துக் காட்டுவதில் தவறே இல்லை.

இவை புதிய பேச்சு அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு, 1952–53லேயே தேர்வுகள் கற்பித்தலை ஆட்டிவைப்பதைச் சுட்டிக்காட்டியது. கற்றல் நோக்கங்களை வகைப்படுத்திய பெஞ்சமின் புளூம் 1950களின் இறுதியில் இந்தியாவுக்கு வந்து தேர்வுச் சீர்திருத்தப் பயிலரங்குகளை நடத்தினார். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, குழந்தை புரிந்துகொண்டதையும் அதைப் பயன்படுத்தும் திறனையும் தொடர்ச்சியாக மதிப்பிடச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2012–13 கல்வியாண்டில் முப்பருவ முறை வந்தபோது, வளரறி மதிப்பீட்டில் செயல்பாடுகளுக்கு 20, சிறுதேர்வுகளுக்கு 20, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். அந்த நாற்பதும் ஆசிரியர் கைக்கே வந்தது. அதைப் பல இடங்களில் பருவக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பினோம். அந்தத் தவறில் எங்களுக்கும் பங்கு உண்டு. இன்று வினாத்தாள் எழுதும் உரிமையைக் கேட்கும்போது அதை மறைக்க நாங்கள் விரும்பவில்லை.

எல்லாப் பள்ளிக்கும் ஒரே வினாத்தாள் இருந்தால்தான் தரம் ஒன்றாக இருக்கும் என்று சொல்லப்படுகிறது. பொதுத்தேர்வுக்கு அது பொருந்தும். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கும் ஓரளவு பொருந்தும். சிறுதேர்வின் வேலையோ வேறு. எந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை, நாளைக்கு எதை மறுபடி நடத்த வேண்டும் என்று ஆசிரியருக்குச் சொல்வதுதான் அதன் வேலை. இன்னும் நடத்தாத பகுதியிலிருந்து வரும் கேள்வியால் அது நடக்காது. முதல் மூன்று வகுப்புகளுக்கு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்கள் நிற்கும் நிலையை வைத்துப் பார்க்கிறது. கீழ் வகுப்பில் ஏற்றுக்கொண்ட அந்த நியாயத்தை மேல் வகுப்பில் ஏன் மறுக்க வேண்டும்?

நேரம் இல்லை என்பது உண்மையான மறுப்பு. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் இரண்டு பேர் பார்க்கிறார்கள். எமிஸ் இணையதளப் பதிவுகள் வேறு. அதனால்தான் ஒரே ஆசிரியர் எல்லாப் பாடத்துக்கும் தனியாக எழுத வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. குறுவளமையக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், ஒரே வகுப்பு நடத்தும் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்துக்கான வினாக்களை எழுதிவிடலாம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசித்து, “இது நினைவைத்தானே கேட்கிறது?” என்று சொன்னாலே பாதித் திருத்தம் முடிந்துவிடும்.

எங்கள் பங்குக்கு, பாடம் தொடங்கும் நாளில் கற்றல் நோக்கங்களை எளிய தமிழில் கரும்பலகையில் எழுதுவோம். தேர்வு முடிந்ததும் மொத்த மதிப்பெண்ணோடு நிற்காமல், எந்த வினாவில் எத்தனை பேர் தவறினார்கள் என்று எண்ணுவோம். பாதி வகுப்புக்கு மேல் தவறியிருந்தால் அதை எங்கள் கற்பித்தலின் குறையாக எடுத்துக்கொண்டு மறுபடி நடத்துவோம். அதன் பிறகே அடுத்த பாடம்.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறோம். எத்தனை மார்க் என்று கேட்பதற்கு முன் வினாத்தாளை வாங்கிப் பாருங்கள். பிள்ளை அந்தப் பாடத்தில் என்ன செய்யக் கற்றதாகச் சொன்னதோ, அது தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எங்களிடம் வந்து கேளுங்கள். பதில் சொல்ல நாங்கள் கடமைப்பட்டவர்கள்.

பள்ளிக்கல்வித் துறைக்கு எங்கள் வேண்டுகோள்: வரும் கல்வியாண்டிலிருந்து ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான சிறுதேர்வுகளுக்கு வெளியிலிருந்து வினாத்தாள் அனுப்புவதை நிறுத்துங்கள். நடத்தியவரையே கேட்க விடுங்கள்.