வேடம் கலைந்த பிறகு

பரோக் ஓபரா என்றதும் இலக்கிய நண்பர்கள் சிலர் எள்ளி நகையாடுகிறார்கள். உடையை மாற்றிக்கொண்டு வந்தால் காதலியையே அடையாளம் தெரியாத அசட்டு நாயகர்களின் கலையாம் அது. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கதைச்சுருக்கத்தை வாசித்தவர்கள். இசையைக் கேட்டவர்கள் அல்லர்.

ஹாண்டலின் 'அல்சீனா'வைப் பாருங்கள். சூனியக்காரி அல்சீனாவின் தீவில் மதிமயங்கிக் கிடக்கும் ருஜ்ஜியேரோவை மீட்க, அவனுக்கு உரியவளான பிராதமாந்தே தன் சகோதரனின் பெயரில், ஆணுடையில் வருகிறாள். வந்ததுமே அல்சீனாவின் தங்கை மோர்கானா அவளிடம் மனதைப் பறிகொடுக்கிறாள். இதுவரை வேடிக்கைதான். இரண்டாம் அங்கத்தில், மோதிரமொன்றின் வலிமையால் ருஜ்ஜியேரோவுக்கு மயக்கம் தெளிகிறது. பிராதமாந்தே தான் யாரென்று சொல்கிறாள். அவனோ, இதுவும் அல்சீனாவின் மாயமோ என்று ஐயுறுகிறான். மயக்கத்தில் இருந்தவன் நம்பாதது வியப்பில்லை. தெளிந்தவனும் நம்பவில்லை என்பதே நாடகம். சூனியக்காரி அவனிடமிருந்து பறித்தது நினைவை மட்டுமல்ல, கண்ணெதிரே நிற்பதை ஏற்கும் திராணியையும்தான். இதை அசட்டுத்தனம் என்பவரோடு எனக்குப் பேச்சில்லை.

மோண்டெவெர்டியின் 'யுலிஸஸ் தாயகம் திரும்புதல்' (1640) இன்னும் கடுமையானது. கிழப் பிச்சைக்காரனாக வந்தவன் எதிரிகளைக் கொன்று, சொந்த உருவில் நிற்கிறான். மகனே சாட்சி சொல்லியும் பெனலோப்பி அசையவில்லை. கட்டில் விரிப்பில் அவள் நெய்த டயானாவின் உருவத்தைக் கணவன் சொன்ன பிறகே இளகுகிறாள்.

இனி, 'குரலை வைத்தாவது கண்டுபிடிக்கக் கூடாதா?' என்ற கேள்விக்கு வருகிறேன். 1735இல் லண்டன் கோவென்ட் கார்டனில் ருஜ்ஜியேரோவைப் பாடியவர் காரெஸ்தினி, சிறுவயதில் விதைநீக்கம் செய்யப்பட்ட காஸ்ட்ராத்தோ பாடகர். பிராதமாந்தேயைப் பாடியவர் மரியா காத்தெரினா நெக்ரி. அவருடையது பெண்குரல்களில் தாழ்ந்ததான கோன்ட்ரால்ட்டோ. உண்மை ஆணின் குரல் உயரத்தில் ஒலிக்க, ஆண்வேடப் பெண்ணின் குரல் அதற்குக் கீழேயும் இறங்கும். அந்த அரங்கில் ஆண், பெண் என்ற பேதத்தைச் செவியால் அறுதியிட வழியே இல்லை.

இருபதாம் நூற்றாண்டு இதைத் 'திருத்த'ப் புறப்பட்டது. 1959இல் கொலோன் வானொலிக்கான 'அல்சீனா'வில் ருஜ்ஜியேரோவை டெனர் பாடகர் வுண்டர்லிஹ் பாடினார். 1966இல் நியூயார்க்கில் 'ஜூலியஸ் சீசர்' கனத்த ஆண்குரலுக்கு இறக்கப்பட்டது. வுண்டர்லிஹின் குரலுக்கு நானும் அடிமைதான். ஆனால் அந்தக் குரல் வந்ததும் யார் ஆண், யார் பெண் என்பது வெட்டவெளிச்சமாகிவிடுகிறது. பிறகு வேடம் அபத்தமாகத் தோன்றாமல் என்ன செய்யும்? அபத்தத்தை உண்டாக்கியவர்கள் திருத்தியவர்கள். பழி மட்டும் ஹாண்டலுக்கு.

1962இல் தெரேசா பெர்கான்ஸா ருஜ்ஜியேரோவாகப் பாடிய இசைத்தட்டுப் பதிவு கிடைக்கிறது. எள்ளும் நண்பர்கள் முதலில் அதைக் கேட்டுவிட்டு வரட்டும்.